கரண்டிக் காம்பும் அறுத்த ஆணியும்: கையில் உள்ளதைக் கொண்டு சைக்கிள் திருத்துவது

வன்னியின் உள்வீதிகளில் ஒரு சைக்கிள் பழுதடைந்தால் அது சைக்கிளோடு முடிந்துவிடுவதில்லை. வயல் வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலை பஸ் நிற்கும் சந்திக்கோ போக வேண்டியவருக்கு அன்றைய சம்பளம் போகிறது. பள்ளிக்கூடம் நாலைந்து கிலோமீற்றர் தள்ளி இருந்தால் பிள்ளை வீட்டில் நிற்கிறது. கிளினிக் திகதி தவறுகிறது. சைக்கிள் கடை பிரதான வீதிச் சந்தியில்தான் இருக்கும். அதுவரை வெயிலில் உருட்டிப் போனாலும், "நாளைக்கு வாங்கோ" என்ற பதிலோடு திரும்ப வேண்டி வரலாம்.

மீள்குடியேற்றக் காலத்தில் தொண்டு நிறுவனங்கள் கொடுத்த சைக்கிள்கள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை ஓடுகிறவர்கள் பெண்கள். கணவனை இழந்தவர்கள், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், வயதான தாய் தகப்பனைப் பார்க்கிறவர்கள். சைக்கிள் கொடுத்தவர்கள் அதோடு ஸ்பனர் கொடுக்கவில்லை, திருத்தவும் சொல்லிக் கொடுக்கவில்லை. திருத்துவது ஆம்பிளை வேலை என்ற எண்ணம் ஊரில் இன்னும் இருக்கிறது. என்னிடம் வந்து நின்று பார்த்துப் பழகிய பெண்கள் எவரும் என்னைவிட மோசமாகத் திருத்தவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

நான் வேலை பழகியது 1990களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன சைக்கிள் கடையில். பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடைப்பட்டிருந்த காலம். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மற்ற எல்லோரும் சைக்கிளில். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை என்பதால் செய்தி கேட்பதும் சைக்கிளில்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, ரைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பேசும். தமிழோசைக்காக அப்படிச் சுற்றிய கைகள் எத்தனை! (ரைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற் அளவு மாறுமின். அதை டயோட் போட்டு நேராக்காமல் கொடுத்தால் வானொலி உறுமும், சில வேளை எரிந்தும் போகும். அந்தச் சின்ன வேலையைச் செய்து கொடுப்பதற்கென்றே ஊருக்கு ஊர் ஒருவர் இருந்தார்.) 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அரிசி மூட்டையும் பிள்ளையும் கிழவியும் ஏறியது இந்தச் சைக்கிள்களில்தான். பிறகு வன்னியில் இடத்துக்கு இடம் மாறியபோது கடைக்குரிய ஆயுதங்கள் ஒவ்வொன்றாகத் தொலைந்தன. கடைசியில் மிஞ்சியது சுத்தியல், ஒரு குறடு, அட்ஜஸ்ட் ஸ்பனர் ஒன்று. இப்போது எழுதப்போவது அந்த மூன்றோடு வீட்டில் கிடப்பவற்றையும் சேர்த்து என்னென்ன செய்யலாம் என்பது.

2022 இல் பெற்றோல் வரிசைகள் வந்தபோது நாடு முழுவதும் சைக்கிளைத் தேடியது. விலை தாறுமாறாக ஏறியது. வீட்டுக் கோடிக்குள் கறல் பிடித்துக் கிடந்த பழைய றலியும் ஹம்பரும் அப்போதுதான் வெளியே வந்தன. கீழே சொல்வது அவற்றுக்கும், லுமாலா, ஹீரோ போன்ற கியர் இல்லாத சாதாரண சைக்கிள்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஒட்டுப் போடுவது. பழுதுகளில் பாதிக்கு மேல் இதுதான்.

ரயரைக் கழற்ற கடையில் லீவர் வைத்திருப்பார்கள். வீட்டில் இரண்டு சாப்பாட்டுக் கரண்டிகள் போதும். தடித்த, பழைய காலத்துக் கரண்டியாக இருக்க வேண்டும். இப்போது வரும் மெல்லிய கரண்டிகள் வளைந்துவிடும். காம்பின் நுனியை அரத்தால் அல்லது சீமெந்துத் தரையில் தேய்த்து, கூர் இல்லாமல் உருட்டிவிடுங்கள். ஸ்குறூ டிறைவரைப் பாவிக்க வேண்டாம். ஒரு ஓட்டையைத் திருத்தப் போய் இரண்டு புது ஓட்டை விழும்.

கரண்டியை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. ரயரின் ஓரத்தில் இருக்கும் கம்பி இழுபடாது. அது றிம்மின் விளிம்பைத் தாண்டி வர வேண்டுமென்றால் எங்கிருந்தாவது அதற்கு இளக்கம் கிடைக்க வேண்டும். றிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா? காற்றை முழுவதும் விட்டபின், ரயரின் ஓரத்தைச் சுற்றிவர விரலால் அமத்தி அந்தப் பள்ளத்துக்குள் விழுத்துங்கள். மறுபக்கம் தானாக இளகும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தை இப்படி அமத்தி வைத்துக்கொண்டு, வால்வுக்குக் கிட்ட கரண்டியைப் போட்டால் பெலம் தேவையில்லை. திரும்பப் போடும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வடியில் முடியுங்கள். வால்வு நிற்கும் இடத்தில் ரயர் பள்ளத்துக்குள் இறங்காது. அங்கே தொடங்கினால் கடைசித் துண்டு ஏறாமல் அடம்பிடிப்பது அதனால்தான். முடிந்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்துவிடுங்கள், ரியூப் ரயருக்கு அடியில் அகப்பட்டிருந்தால் விடுபடும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் வாளி தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். வழியில் தண்ணீர் இல்லாவிட்டால் ரியூப்புக்கு நிறையக் காற்றடித்து உதட்டுக்குக் கிட்ட மெல்லச் சுற்றி வாருங்கள். கைக்குத் தெரியாத காற்று உதட்டுக்குத் தெரியும். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தையும் சொல்லும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால், காற்றுக் குறைவாக ஓடி றிம் நசித்திருக்கிறது. முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். றிம் பக்கத்தில் ஓட்டை என்றால் கம்பியின் நுனி குத்தியிருக்கிறது. பழைய ரியூப்பில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி றிம்மைச் சுற்றிப் போட்டால் சரி. வெளிப்பக்கம் என்றால் முள். எங்கள் பக்கத்தில் அனேகமாக விடத்தல் முள். ரயருக்குள்ளே விரலால் தடவிப் பார்க்காதீர்கள், பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி கொழுவிக்கொள்ளும்.

ஒட்டுத் துண்டு கடையில் வாங்கினால் நல்லது. இல்லாவிட்டால் பழைய ரியூப்பில் வட்டமாக வெட்டுங்கள். மூலை உள்ள துண்டு மூலையில் இருந்து உரியத் தொடங்கும். சுரண்டுவதற்கு சான்ட் பேப்பர் இல்லாவிட்டால், பால்மா ரின்னின் மூடியை எடுத்து உட்பக்கத்திலிருந்து ஆணியால் நெருக்கமாகக் குத்துங்கள். தேங்காய் துருவியதுபோல் வெளிப்பக்கம் சொரசொரப்பாக வரும். எங்கள் கடையில் வருடக்கணக்காக ஓடியது இப்படி ஒரு மூடிதான். ரியூப்பையும் ஒட்டுத் துண்டையும் இரண்டையும் சுரண்ட வேண்டும். மினுக்கம் போய் கறுப்பு மங்கலாக வர வேண்டும்.

பிறகு சொலூசன். ஒட்டு உரிந்துபோவதற்கு முக்கால்வாசிக் காரணம் அவசரம். சொலூசன் ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் ஒட்டாது. அது பசையைப் போல வேலை செய்வதில்லை. அதிலுள்ள திரவம் ஆவியாகிப் போனபின், மிஞ்சும் இறப்பர் படலமும் படலமும்தான் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, விரல் நுனியால் தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காயவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் படியும். பிறகு வைத்து அமத்தி, சுத்தியல் பிடியால் நடுவில் இருந்து ஓரத்துக்குத் தேயுங்கள்.

ரயரே வெட்டுப்பட்டிருந்தால் ரியூப் அந்த வெட்டுக்குள்ளால் பிதுங்கி வெடிக்கும். பழைய ரயரின் பக்கத் துண்டு ஒன்றை வெட்டுக்கு உள்ளே வைத்தால் சில மாதங்கள் ஓடலாம். ஓரத்தைச் சாய்வாகச் சீவி மெலிதாக்கி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தத் துண்டின் விளிம்பே ரியூப்பைத் தின்னும்.

ஒட்டுப் போட்டும் காற்று நிற்கவில்லை என்றால் வால்வைப் பாருங்கள். எங்கள் சைக்கிள்களில் இருக்கும் வால்வின் உள்ளே ஒரு சின்னப் பித்தளைக் குழாய், அதன் பக்கத்தில் ஊசித் துவாரம், அதை மூடியபடி ஒரு மெல்லிய இறப்பர் உறை. அவ்வளவுதான். பம்ப் அடிக்கும்போது காற்று துவாரத்தால் வந்து இறப்பரை விலத்திக்கொண்டு உள்ளே போகிறது. அடிப்பதை நிறுத்தினால் உள்ளே இருக்கும் அமுக்கமே இறப்பரைத் துவாரத்தில் ஒட்டவைக்கிறது. அந்த இறப்பர் வெயிலில் வெடித்துப்போனால் ரியூப்பில் ஓட்டையே இல்லாமல் காற்றுப் போகும். இதற்குச் சேலைன் குழாயைப் போட்டுப் பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். அது விரியாது, அதனால் வேலை செய்யாது. வால்வு ரியூப் சில ரூபாய்க் காசுதான். ஒரு முழத் துண்டு வாங்கி வீட்டில் நிழலில் வைத்திருங்கள். மாட்டும்போது எச்சில் தொட்டு ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும்.

பம்ப் காற்றைத் தள்ளவில்லை என்று புதிய பம்ப் வாங்குகிறவர்கள் பலர். பெரும்பாலும் உள்ளே இருக்கும் தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருக்கும். கழற்றி ஒரு இரவு தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டுப் பாருங்கள். அதோடு சரிவராவிட்டால் பழைய தோல் சப்பாத்தில் ஒரு வட்டம் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, ஒரு போத்தல் மூடிக்குள் அமத்திக் கிண்ணம்போல வளைத்துவிடுங்கள். மாட்டும்போது கிண்ணத்தின் வாய் காற்றுப் போகும் பக்கம் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் எவ்வளவு அடித்தாலும் ஒன்றுமில்லை. றெக்சின் செருப்பு இதற்கு உதவாது, உண்மைத் தோல்தான் வேண்டும்.

இனிச் செயின். கடையில் செயின் ஊசியைத் தள்ளி எடுக்கத் தனி ஆயுதம் இருக்கிறது. அனேக சைக்கிள்களில் அது தேவையே இல்லை. செயினில் ஒரு இடத்தில் மட்டும் மீன் வடிவத்தில் ஒரு கிளிப் இருக்கும், அதைக் குறடால் தள்ளினால் செயின் பிரியும். திரும்பப் போடும்போது கிளிப்பின் மூடிய தலைப்பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். வாய்ப்பக்கம் முன்னால் இருந்தால் ஏதாவது தட்டி, ஓடும்போதே கழன்றுபோகலாம். கிளிப் இல்லாத செயினுக்கு ஒரு தடித்த ஆணியை எடுத்து, கூர் முனையை அறுத்து மட்டமாக்குங்கள். செயினின் அடியில் ஒரு பெரிய நட் வைத்து, எடுக்க வேண்டிய ஊசி நட்டின் துவாரத்துக்கு நேரே வரும்படி பிடித்து, ஆணியை வைத்துத் தட்டினால் ஊசி கீழே இறங்கும். அதே செயினை மறுபடி பூட்டுவதென்றால் ஊசியை முழுவதும் வெளியே தள்ளிவிடாதீர்கள். மறுபக்கத் தகட்டில் நுனி நிற்கும்படி விட்டால்தான் பூட்டுவது சுகம்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கவும் ஒரு கருவி விற்கிறார்கள். பிள்ளையின் அடிமட்டம் போதும். செயினில் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையில் அரை அங்குலம். எனவே ஒரு ஊசியின் நடுவில் பூச்சியத்தை வைத்து அங்கிருந்து இருபது எண்ணினால், இருபதாவது ஊசியின் நடு 25 சென்ரிமீற்றர் 4 மில்லிமீற்றரில் நிற்க வேண்டும். அது 25 சென்ரிமீற்றர் 6½ மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டால் செயின் முடிந்தது. அதற்குமேல் ஓடினால் செயின் வீலின் பல்லையும் பிறீ வீலின் பல்லையும் சேர்த்துத் தின்னும், செலவு மூன்று மடங்காகும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய் கழுவுவதற்கு, ஓடுவதற்கல்ல. தேங்காய் எண்ணெய் அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் ஒரு மழைக்கு நிற்காது. வண்டியில் இருந்து கழித்த ஒயிலில் இரும்புப் பொடியும் கரியும் இருக்கும், தோலுக்கும் கூடாது. வீட்டில் தையல் மெசின் இருந்தால் அந்த ஒயில் நல்லது. செயினுக்கு மேலால் ஊற்றாமல் ஒவ்வொரு உருளையிலும் ஒரு துளி விட்டு, பத்துச் சுற்றுச் சுற்றி, வெளியில் இருப்பதைத் துடைத்துவிடுங்கள். வெளியில் நிற்கும் எண்ணெய் செம்மண்ணைப் பிடித்து வைக்கும், வேறு பயன் இல்லை.

பெடல் மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் "டக்" என்று விழுந்தால் கொட்டர் பின் தளர்ந்திருக்கிறது. கிராங்கை அச்சோடு பூட்டி வைத்திருக்கும் ஆப்பு அது. ஒரு பக்கம் சாய்வாகச் சீவியிருக்கும். கழற்றுவதற்குக் கடையில் அமத்தும் கருவி உண்டு. வீட்டில் இதைக் கழற்றுவது ஒரு கலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே ஒரு விடயம்தான்: அடியின் பெலம் பின்னுக்குப் போக வேண்டும், சைக்கிளுக்குப் போகக்கூடாது. முதல்நாள் இரவே மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து விட்டு வையுங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல் புரியின் நுனியோடு மட்டமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள், அது புரியைக் காக்கும். பிறகு நிலத்தில் இருந்து கிராங்க் வரைக்கும் உயரமான ஒரு இரும்புப் பைப் துண்டை நிறுத்தி, கிராங்கின் பாரம் அதன்மேல் இருக்கும்படி வையுங்கள். பின்னின் தலை பைப்பின் துவாரத்துக்குள் இறங்க இடம் இருக்க வேண்டும். இனிச் சுத்தியலால் ஒரே அடி.

"அண்ணை, இப்பிடி அடிச்சா உடைஞ்சிடாதே?" என்று கேட்ட தங்கச்சி ஒருத்தி, பயத்தில் இருபது தரம் மெல்ல மெல்லத் தட்டினாள். மெல்லத் தட்டுவதுதான் கெடுதல். நுனி நசிந்து பூப்போல விரிந்துவிட்டால் பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். அடியில் தாங்கு இல்லாமல் அடித்தால் அந்த அதிர்ச்சி அச்சுக்குள் இருக்கும் போல்ஸ் ஓடும் பாதையில் பள்ளம் விழுத்தும். புதிய பின் போடும்போது இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் போக வேண்டும். ஒரே திசையில் போட்டால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது கால் நொண்டும்.

இந்த இடத்தில் அடியில் வைக்கும் இரும்பு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. 2009 க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் வீதி ஓரங்களில் சைக்கிள்கள் மலைபோல் குவிந்து கறல் பிடித்துக் கிடந்ததைப் பார்க்காதவர்கள் குறைவு. காணியைக் கொத்தும்போது இன்றைக்கும் ஏதாவது வருகிறது. கனமான, உருண்டையான, மட்டமான அடியுள்ள இரும்பைக் கண்டால் அடைகல்லாக வைக்கலாம் என்று கை போகும். போகக்கூடாது. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்திருக்கிறது, ஆனாலும் வெடிக்காத பொருட்கள் தோட்டங்களிலும் கிணற்றடியிலும் இன்னும் அகப்படுகின்றன. பழைய இரும்பு சேர்க்கப் போய்க் கை கால் இழந்தவர்களின் கதை எங்கள் ஊர்களில் புதிதல்ல. இன்னது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாத எந்த இரும்பையும் தூக்கவோ, தட்டவோ, நெருப்பில் போடவோ வேண்டாம். கறல் பிடித்தால் செத்துவிட்டது என்று அர்த்தமல்ல. அந்த இடத்தைத் தள்ளி நின்று அடையாளம் வைத்து, பிள்ளைகளை விலத்தி, கிராம அலுவலருக்கோ 119 க்கோ சொல்லுங்கள். சைக்கிள் வேலைக்கு உடைந்த உழவு இயந்திரக் கொழுத் துண்டு, தண்ணீர்ப் பைப், கட்டடக் கம்பி இவை போதும்.

றிம் நெளிவு எடுப்பது பலரும் பயப்படும் வேலை. கடையில் சக்கரத்தைத் தனியே கொழுவி வைக்கும் சட்டம் இருக்கும், கம்பி இறுக்கும் சாவி இருக்கும். சட்டத்துக்குப் பதில் சைக்கிளையே கவிழ்த்து வையுங்கள். ஒரு சோக்குக் கட்டியைப் போர்க்கில் ஊன்றிப் பிடித்து றிம்முக்கு மெல்லக் கிட்டக் கொண்டு வந்து சக்கரத்தைச் சுற்றினால், வெளியே தள்ளி நிற்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். கண்ணால் பார்ப்பதைவிட இது நிச்சயம்.

சாவி செய்வதற்கு மூன்று நாலு மில்லிமீற்றர் தடிப்பான இரும்புத் தகட்டுத் துண்டு ஒன்று. நிப்பிளின் மட்டமான பக்கங்களுக்கு இடையில் மூன்று மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். இரும்பு வாளால் அந்த அகலத்துக்கு உள்ளே இரண்டு வெட்டு வெட்டி, நடுத் துண்டை எடுத்துவிட்டு, நிப்பிள் இறுக்கமாக உட்காரும் வரை அரத்தால் தேயுங்கள். தளர்வாக இருந்தால் நிப்பிளின் மூலை உருண்டுவிடும். பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. தகடு கிடைக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு: ரயரைக் கழற்றினால் றிம்முக்குள்ளே நிப்பிளின் தலையில் வெட்டு இருக்கும், ஸ்குறூ டிறைவரால் திருப்பலாம்.

றிம் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது என்றால், அந்த இடத்தில் இடப்பக்க ஹப்புக்குப் போகும் கம்பிகளை இறுக்கி, வலப்பக்கத்துக்குப் போவதை அதே அளவு தளர்த்த வேண்டும். ரயர் பக்கத்தில் இருந்து நிப்பிளைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். ஒரு தடவைக்குக் கால் சுற்று. சுற்றிப் பார்த்து, மறுபடி கால் சுற்று. இதில் பெலத்துக்கு வேலையில்லை, பொறுமைக்குத்தான். வழியில் கம்பி ஒன்று அறுந்தால் அதைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டிவிட்டு மெல்ல வீட்டுக்கு வரலாம். தொங்கவிட்டால் செயினிலோ போர்க்கிலோ அகப்படும்.

பிறீ வீல் இரண்டு பக்கமும் சும்மா சுற்றுகிறது, மிதித்தால் சைக்கிள் போகவில்லை என்றால் அதைக் கழற்றத் தேவையில்லை. உள்ளே இருக்கும் சின்ன நாக்குகள் பழைய கிறீஸில் ஒட்டிக்கொண்டு எழும்பாமல் கிடக்கும். சக்கரத்தைப் படுக்கப் போட்டு, சுற்றும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடையிலான வெடிப்பில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். கறுப்புத் தண்ணீர் வருவது நிற்கும்வரை விட்டு, நிமிர்த்தி வடியவிட்டு, மெல்லிய ஒயில் விடுங்கள். பத்தில் பல தடவை இதோடு "டிக் டிக்" சத்தம் திரும்பும். சரிவராவிட்டால் கடைக்குப் போங்கள். மிதிக்க மிதிக்க இறுகும் புரி அது. வீட்டில் ஆணி வைத்து அடித்தால் அதன் வெட்டு வாய் பிய்ந்து, பிறகு கடைக்காரராலும் கழற்ற முடியாமல் போகும்.

பெடலைக் கழற்றும்போது இடப்பக்கம் மட்டும் புரி மாறியிருக்கும். கால் மிதிக்கிற விதத்தில் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். எது எந்தப் பக்கம் என்று மனப்பாடம் பண்ண வேண்டாம். ஸ்பனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி வைத்து, பின்சக்கரத்தின் பக்கம் இழுத்தால் இரண்டு பெடலும் கழரும். முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும்.

ஹப்பைத் திறக்கிறவர்களுக்கு: கோனைப் பிடிக்க மெல்லிய ஸ்பனர் வேண்டும். சாதாரண ஸ்பனர் ஒன்றைக் கல்லில் தேய்த்து இரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு மெலிதாக்கினால் அதுதான் கோன் ஸ்பனர். சக்கரத்துக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்துவிட்டுத் திறவுங்கள். முன்சக்கரத்தில் பெரும்பாலும் பக்கத்துக்குப் பத்து போல்ஸ், பின்னுக்கு ஒன்பது, அளவும் வேறு. கலந்தால் ஓடாது.

வீட்டில் செய்யக்கூடாதவையும் உண்டு. பிறேக் கட்டையை மோட்டார் ரயரில் வெட்டிப் போடலாமா என்று கேட்கிறார்கள். போர்க்காலத்தில் போட்டோம். வேறு கிடைக்கவில்லை, அதனால் போட்டோம். இரும்பு றிம்மில் மழை பட்டால் நல்ல பிறேக் கட்டையே சரியாகப் பிடிக்காது, ரயர் துண்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. இன்று கட்டை கடையில் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். அறுந்த பிறேக் கேபிளைக் கட்டுக்கம்பியால் முடிந்து ஓடுவதும் அப்படித்தான். ஏ9 வீதியில் இப்போது ஓடும் வாகனங்களின் வேகம் 1995 இல் இருந்த வேகம் அல்ல.

முன் போர்க்கின் மேல் கழுத்தில், கிரவுன் இருக்கும் இடத்தில், பெயின்ற் மயிர்போல் வெடித்திருக்கிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். தண்ணீர்க் கானும் விறகும் ஏற்றுகிற சைக்கிள் என்றால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. வெடிப்புக்குள் கறல் கோடு தெரிந்தால் அந்தப் போர்க்கை ஒட்டுவிக்கவும் வேண்டாம். மாற்றும்வரை உருட்டிக்கொண்டு போங்கள்.